வரைந்தால் மட்டும் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)



ஒவ்வொரு செமஸ்டரும் நாம் எத்தனை படம் வரைகிறோம்? பிளான், எலிவேஷன், செக்‌ஷன் என்று ராத்திரி கண் விழித்து வரைந்து, கையெழுத்து வாங்கி, மார்க்கும் வாங்கிவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்தப் படங்கள் எங்கே போகின்றன? கட்டுக் கட்டாக அலமாரியில் ஏறும். அப்புறம் ஒருநாள் பழைய பேப்பர் கடை. "இந்த ஜன்னலை ஏம்ப்பா இங்க வெச்சே?" என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை. நாமும் யாரையும் கேட்கச் சொன்னதில்லை.

பல்கலைக்கழகங்களில் கட்டடக்கலை படிக்கும் மாணவர்களிடம் கதை வேறு. படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்று, நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அவர்கள் படிப்பில் பெரும் பகுதி. அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, டிப்ளமோ படிக்கும் நாம் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆர்க்கிடெக்ட் எதற்கு?

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா ஒருநாள் கேட்டார்: "ஏப்பா, கட்டுறதுக்கு உங்க அப்பா இருக்காக, கணக்குப் போட இஞ்சினியர் இருக்காரு. இடையில ஆர்க்கிடெக்ட்டுன்னு ஒருத்தர் எதுக்கு?"

நல்ல கேள்விதான். கட்டடம் விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பது சிவில் இஞ்சினியரின் பொறுப்பு. உள்ளே இருப்பவர்கள் எப்படி நடப்பார்கள், எங்கே உட்காருவார்கள், வெளிச்சமும் காற்றும் எந்தப் பக்கம் வரும், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று முதலிலேயே யோசித்து முழுக் கட்டடத்துக்கும் உருவம் கொடுப்பது ஆர்க்கிடெக்ட்டின் வேலை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு போட்டுக்கொள்ளலாம். படிப்பு ஐந்து வருடம்.

தமிழ்நாட்டில் 1957-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கட்டடக்கலைத் துறை தொடங்கப்பட்டது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகியவற்றோடு இதுவும் அதில் இணைந்தது. நமக்குப் பக்கத்தில் என்றால், துவாக்குடியில் உள்ள திருச்சி என்.ஐ.டி.யிலும் கட்டடக்கலைத் துறை இருக்கிறது.

டிராப்ட்ஸ்மேன் வகுப்பில் பிறந்த படிப்பு

இந்தியாவில் இந்தப் படிப்பு எப்படிப் பிறந்தது தெரியுமா? பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1896-இல் ஒரு டிராப்ட்ஸ்மேன் வகுப்பு தொடங்கினார்கள். ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் படம் வரைந்து கொடுக்க உதவியாளர்கள் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான். அந்தச் சின்ன வகுப்புதான் பின்னால் முழுக் கட்டடக்கலைப் படிப்பாக வளர்ந்தது. ஆக, வரைபலகைக்காரன் என்று நம்மை நாமே தாழ்த்திக்கொள்ளக் காரணமே இல்லை.

அதைவிட முக்கியமான சேதி ஒன்று. அங்கே படித்தவர்கள் 1917-இல் கட்டடக்கலை மாணவர் சங்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். பம்பாயில் கேட்வே ஆஃப் இந்தியா கட்டடத்தை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட் அதன் முதல் தலைவர். அந்தச் சங்கம் 1922-இல் பம்பாய் கட்டடக்கலைச் சங்கம் ஆயிற்று. 1929-இல் இந்தியக் கட்டடக்கலைஞர் நிறுவனம் ஆயிற்று. இன்றைக்கு நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் அமைப்புக்கு மாணவர் சங்கம்தான் வேர். மாணவர் பேரவை என்றால் விளையாட்டு விழாவும் பிரிவு உபசார விழாவும் மட்டும்தான் என்று யாராவது சொன்னால், இந்தச் சேதியைச் சொல்லுங்கள்.

ஜூரி என்பது என்ன?

கட்டடக்கலை மாணவர்கள் அதிகம் பயப்படும் வார்த்தை ஜூரி. இதன் பூர்வீகம் பிரான்ஸ். பாரிஸ் நகரக் கலைப்பள்ளியில் கெடு நேரம் வந்ததும் ஒரு தள்ளுவண்டி வந்து எல்லாருடைய படங்களையும் அள்ளிக்கொண்டு போகுமாம். முடிக்காதவர்கள் வண்டி கூடவே ஓடி, வழியிலேயே கடைசிக் கோடு போட்டதாகச் சொல்வார்கள். அந்த வண்டிக்குப் பிரெஞ்சு மொழியில் 'ஷாரெட்' என்று பெயர். கெடுவுக்கு முன்னால் விழுந்தடித்துச் செய்யும் வேலைக்கே இன்றைக்கும் உலகம் முழுக்கக் கட்டடக்கலைக்காரர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். நம் ரெக்கார்டு நோட்டுக்கும் இது பொருந்தும்தானே!

ஆனால் பாரிஸில் படங்கள் உள்ளே போனதும் கதவு சாத்தப்படும். வரைந்தவன் வெளியே நிற்பான். தீர்ப்பு மட்டும்தான் வெளியே வரும். இருபதாம் நூற்றாண்டில்தான் இது மாறியது. வரைந்தவனே படத்தின் பக்கத்தில் நின்று எல்லார் முன்னாலும் விளக்க வேண்டும் என்ற முறை பரவியது.

எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் கட்டடக்கலை படிக்கிறார். அவர் துறையில் ஜூரி முடிந்து படங்களைப் பார்வைக்கு வைக்கும் நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மாணவி கிராமத்துச் சந்தை ஒன்றை வடிவமைத்து, அட்டையில் மாடலும் செய்து வைத்திருந்தார். பார்க்க வந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "மழை வந்தா காய்க்காரம்மா கூடையை எங்கம்மா வைக்கும்?" அந்த அக்கா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு பென்சில் எடுத்து, கூரைச் சரிவை வெளியே நீட்டி ஒரு கோடு போட்டுக் காட்டினார். "அப்படிச் சொல்லு" என்றார் பெரியவர்.

எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. சன்ஷேடு போடும்போதெல்லாம் "தண்ணி எங்க விழும்?" என்று அப்பா கேட்காமல் இருந்ததில்லை. பல்கலைக்கழக ஜூரியில் கேட்கும் கேள்வியும் சாரத்தில் நின்று கேட்கும் கேள்வியும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மாணவர்களே நடத்தும் மாநாடு

இந்தக் கேள்வி பதில் ஒரு கல்லூரிக்குள்ளே நின்றுவிடுவதில்லை. தேசியக் கட்டடக்கலை மாணவர் சங்கம் 1957-இல் தொடங்கியது. சுருக்கப் பெயர் 'நாசா'; விண்வெளிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! ஆண்டுதோறும் பல மாநிலக் கல்லூரி மாணவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஏற்பாடு எல்லாம் மாணவர்களே.

அதில் லூயி கான் பெயரில் ஒரு பரிசு உண்டு. அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடத்தை வடிவமைத்தவர் அவர். பழைய ஊரையோ கட்டடத்தையோ அளந்து, வரைந்து, ஆவணப்படுத்தும் குழுவுக்கு அந்தப் பரிசு. கேரளத்தில் குறைந்த செலவு வீடுகள் கட்டிய லாரி பேக்கர் பெயரிலும் ஒன்று உண்டு. செங்கல்லை நட்டுவைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' கட்டு முறையைப் பெரிய அளவில் பரப்பியவர் அவர்.

நம் மாவட்டமே வகுப்பறை

அளந்து வரைவதற்கு நாம் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. கொடும்பாளூர் மூவர் கோயிலில் மூன்றில் இரண்டு கோயில்கள் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். அதன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், நாம் தாளில் வரையும் பிளான் முழு அளவில் தரையில் கிடக்கும்!

நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரம் இன்னொரு அதிசயம். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். மழையில் இடிந்த அந்தக் கற்றளியை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே மழைதான் ஜூரி!

இவை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை. அளவெடுக்க முறைப்படி அனுமதி வேண்டும். முதலில் நம் ஊர்ச் சாவடி, படிக்கட்டுக் குளம், பழைய ஓட்டு வீடு, கிணறு என்று தொடங்கலாம். செய்முறை இதுதான்:

1. மூன்று பேர் போதும். இருவர் டேப் பிடிக்க, ஒருவர் எழுத.

2. முதலில் கையால் ஒரு கச்சாப் படம். அதன் மேல்தான் அளவுகளைக் குறிக்க வேண்டும்.

3. நீளச் சுவரில் டேப்பைத் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள். ஒரே முனையிலிருந்து தொடர் அளவாக எடுங்கள். பிழை சேராது.

4. அறையின் நாலு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். சதுரமாகத் தெரியும் பல அறைகள் சதுரமாக இருக்காது. மூலைமட்டம் பார்க்க மூணு, நாலு, அஞ்சு கணக்கு. பித்தாகரஸ் பெயர் தெரியாமலே எங்கள் அப்பா தினமும் போடுவது அது.

5. வட்டக் கிணற்றுக்கு நடுவில் போய் நிற்க முடியாது. உள்விளிம்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூல் கட்டுங்கள். நூலின் நடுவிலிருந்து சுவர் வரை உள்ள தூரத்தை அளங்கள். அதுதான் வில்லின் உயரம். நூல் நீளத்தின் வர்க்கத்தை அந்த உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். நூல் 2 மீட்டர், உயரம் 0.25 மீட்டர் என்றால், 2 கூட்டல் 0.125; ஆரம் 2.125 மீட்டர்.

6. உயரத்துக்குத் தூக்குக்குண்டு, தரை மட்டத்துக்குத் தண்ணீர் டியூப். இரண்டும் எந்தக் கொத்தனார் வீட்டிலும் கிடைக்கும்.

மேலே படிக்க விரும்புவோருக்கு

டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பது நமக்குத் தெரியும். பி.ஆர்க்.கில் அந்த வழி இல்லை. ஆனால் வாசல் அடைக்கப்படவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோவைக் கணிதத்தோடு படித்து, தேவையான மதிப்பெண் பெற்று, 'நாட்டா' என்னும் திறனறித் தேர்வில் தேறினால் முதலாம் ஆண்டில் சேரலாம். என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கு ஜே.இ.இ. மெயினில் கட்டடக்கலைக்கான தாள் எழுத வேண்டும். ஆக, நமக்கு இன்னும் ஐந்து வருடம். சம்பாதிக்கும் நாளை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் ஐந்து வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. எங்கள் வீட்டிலும் இதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். சேர்ந்தாலும் சேராவிட்டாலும், படத்தின் பக்கத்தில் நின்று பதில் சொல்லும் பழக்கத்துக்கு எந்த நுழைவுத் தேர்வும் கிடையாது. அதை இங்கேயே தொடங்கலாம்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

வருகிற ஆண்டு ஒரே ஒரு நாள் நம் டிராயிங் ஹாலைத் திறந்து வையுங்கள். மூன்று பேர் ஒரு குழுவாக, அவரவர் ஊரில் ஒரு கட்டடத்தை அளந்து வரைந்து சுவரில் மாட்டுவோம். ஆளுக்கொரு படத்தின் பக்கத்தில் நிற்போம். கேள்வி கேட்க ஆசிரியர்களோடு நம் ஊர்க் கொத்தனார்கள், தச்சு ஆசாரிகள், கம்பி கட்டுபவர்கள், சித்தாள் வேலை பார்க்கும் அம்மாக்கள் எல்லாரையும் அழைப்போம். எத்தனையோ கல்லூரிக் கட்டடங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, திறப்பு விழாவுக்கு முன்பே சாரத்தைப் பிரித்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். இந்த முறை அவர்கள் முன்வரிசை நாற்காலியில் உட்காரட்டும்.

"தண்ணி எங்க விழும்?" என்று அவர்கள் கேட்பார்கள். பதிலைத் தயார் செய்து வையுங்கள் நண்பர்களே!