வளராது நின்ற கட்டி

நம் உடல் எண்ணற்ற செல்களால் ஆனது. பழைய செல்கள் அழியப் புதியவை தோன்றும். இந்த ஒழுங்கை மீறிச் சில செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்றுநோய். பெருகும் கட்டிக்கு உணவு எவ்வழியே கிடைக்கிறது? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் ஜூடா ஃபோக்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர்.

அவர் 1933ஆம் ஆண்டு கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். தந்தையார் யூத சமயகுரு. நோயாளிகளுக்கு ஆறுதல் கூறச் செல்லும் தந்தையுடன் சிறுவர் ஃபோக்மனும் மருத்துவமனைகளுக்குச் சென்றார். மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார்.

1960களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். குருதிக்கு மாற்றாகப் பயன்படும் நீர்மத்தை உருவாக்குவது அவருக்கு இடப்பட்ட பணி. அவரும் உடன் பணியாற்றிய பெக்கரும் முயலின் தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, அந்நீர்மத்தைச் செலுத்தி உயிருடன் காத்தனர். பின்னர் அதில் எலியின் புற்றுசெல்களை இட்டனர். அவை கட்டியாகி, ஓரிரு மில்லிமீட்டர் அளவை எட்டியதும் வளர்ச்சி நின்றுவிட்டது.

கட்டி இறந்துவிட்டதா? அதை எடுத்து எலியின் உடலில் வைத்தபோது விரைந்து பெருகியது! எலியின் உடலில் புதிய குருதிக்குழாய்கள் கட்டியை நோக்கி வளர்ந்திருந்தன; கலத்தில் இருந்த கட்டிக்கோ அவை அமையவில்லை. வாய்க்கால் இல்லாத வயலில், கசியும் ஈரத்தைக் கொண்டு சில செடிகளே பிழைக்கும். கட்டியின் நிலையும் அத்தகையதே.

1971ஆம் ஆண்டு ஃபோக்மன் தம் கருத்தை வெளியிட்டார். ‘கட்டி ஒரு வேதிப்பொருளைச் சுரந்து குருதிக்குழாய்களைத் தன்பால் ஈர்க்கிறது. அதைத் தடுத்தால் கட்டியின் வளர்ச்சியும் தடைப்படும்’ என்பது அக்கருத்து. அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. ‘அறுவை மருத்துவருக்கு ஆராய்ச்சி எதற்கு?’ என்று ஏளனம் செய்தோரும், அவர் பேச எழுந்ததும் அரங்கை விட்டு வெளியேறியோரும் உண்டு. அவர் சினம் கொள்ளவில்லை. ஒவ்வொரு மறுப்பையும் ஒரு வினாவாகக் கொண்டு, அதற்குச் சோதனையால் விடை தேடினார். ஆராய்ச்சிக்கு நேரம் வேண்டி, மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர் பதவியையும் 1981இல் துறந்தார்.

1980களில் அவரது ஆய்வுக்கூடத்தில் அத்தகைய வேதிப்பொருள் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. 1998இல் அவர் ஆய்ந்த மருந்துகளைப் பற்றி நாளேடுகள் பெரிதும் புகழ்ந்து எழுதின. அவரோ, அவை எலிகளிடம் மட்டுமே பயன் தந்துள்ளன என்று எச்சரித்தார். நோயாளிகளுக்குப் பொய்யான நம்பிக்கை தருவதை அவர் விரும்பவில்லை.

2004ஆம் ஆண்டு, வேறோர் ஆய்வுக்குழுவினர் இதே வழியில் உருவாக்கிய பெவாசிசுமாப் என்னும் மருந்து பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது நோயை முற்றிலும் நீக்குவதில்லை. ஆயினும் நோயாளிகள் பலரின் வாழ்நாளை நீட்டித்தது. இவ்வகை மருந்துகள் விழித்திரை நோய்க்கும் பயன்படுகின்றன. ஃபோக்மன் 2008இல் மறைந்தார். வளராது நின்ற ஒரு சிறு கட்டியைக் கண்டு ‘ஏன்?’ என்று அவர் வினவியதே இவ்வளவுக்கும் தொடக்கம்.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
நீர்மம் – நீர்போன்ற பொருள்
ஏளனம் – கேலி
துறந்தார் – கைவிட்டார்

பயிற்சி
1. கலத்தில் இருந்த கட்டி வளராமைக்குக் காரணம் யாது?
2. நாளேடுகள் புகழ்ந்தபோது ஃபோக்மன் எச்சரித்தது ஏன்?
3. ‘வாய்க்கால் இல்லாத வயல்’ என்னும் உவமையை விளக்குக.
4. பிரித்து எழுதுக: அந்நீர்மம், இவ்வினா.
5. இப்பாடத்தின் செய்தியை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குத் தமிழில் கூறி, அவர் கேட்ட வினா ஒன்றை எழுதி வருக.