சுவேதகேதுவின் இரு கல்விகள்

சாந்தோக்ய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு தந்தையும் மகனும் வருகின்றனர். தந்தை உத்தாலக ஆருணி; மகன் சுவேதகேது. கல்லாமல் பிறப்பை மட்டும் சொல்லிக்கொண்டு வாழ்ந்தவர் தம் குலத்தில் இல்லை என்று கூறித் தந்தை மகனைக் குருகுலத்திற்கு அனுப்பினார். அப்போது அவனுக்கு வயது 12. வேதங்கள் அனைத்தையும் ஓதி வீடு திரும்பியபோது வயது 24.

அக்கல்வியோடு செருக்கும் உடன் வந்தது. தன்னைப் பேரறிஞன் என்று அவன் எண்ணிக்கொண்டான். தந்தை அதைச் சுட்டிக்காட்டி ஒரு கேள்வி எழுப்பினார்: எதை அறிந்தால் அறியாதனவும் அறிந்தனவாகுமோ, அதைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டாயா என்றார்.

'கற்றாயா' என்று அவர் வினவவில்லை; 'கேட்டாயா' என்றே வினவினார். சுவேதகேது அனுப்பப்பட்டதால் சென்றான், ஓதுவிக்கப்பட்டதால் ஓதினான். தானாக எதையும் கேட்டதில்லை. இதுவே அவனுடைய முதல் கல்வி.

அதன் எல்லையை உணர்த்த உத்தாலகர் ஒரு சோதனை செய்தார். 15 நாட்கள் உண்ணாமல் நீர் மட்டும் பருகி இருக்கச் சொன்னார். பின்னர் வேதங்களை ஓதச் சொன்னபோது மகனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உணவு உண்ட பிறகே எல்லாம் திரும்பின. மின்மினி அளவே எஞ்சிய தணல் வைக்கோல் இட்டதும் மூண்டு எரிவதைப் போன்றது இது என்று தந்தை விளக்கினார். மனம் உணவைச் சார்ந்தது. மனத்தில் சேர்த்து வைத்த கல்வியும் அவ்வாறே. அத்தகைய ஒன்றைக் குறித்துச் செருக்கு எதற்கு?

பின்னர் தொடங்கியது இரண்டாம் கல்வி. உப்பை நீரில் இட்டு மறுநாள் காலை எடுத்து வரச் சொன்னார் தந்தை. உப்பு கண்ணுக்குப் புலப்படவில்லை. எங்கே சுவைத்தாலும் கரித்தது. ஆலம்பழத்தைப் பிளக்கச் சொன்னார். அதன் நுண்ணிய விதையையும் பிளக்கச் சொன்னார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. காணப்படாத அந்த நுட்பத்திலிருந்தே பெரும் ஆலமரம் எழுந்து நிற்கிறது என்றார். அந்த மெய்ப்பொருளே மகனின் உண்மையான இயல்பு என்னும் மகாவாக்கிய உபதேசம் இவ்வாறு ஒன்பது முறை வருகிறது.

ஒவ்வொரு விளக்கத்திற்குப் பின்னும், இன்னும் தெளிவாக உணர்த்தியருள வேண்டும் என்று சுவேதகேது தானே வேண்டினான். செருக்குற்றவன் கேட்க மாட்டான். அச்சுறுத்தப்பட்டவனும் கேட்க மாட்டான். ஒன்பதாம் முறைக்குப் பின் அவன் கேட்கவில்லை. அப்போது அவன் உணர்ந்துகொண்டான் என்று உபநிஷதம் கூறுகிறது.

ஓதுதல் வீண் என்பது இதன் பொருளன்று. தணல் மூள வைக்கோலும் தேவை. ஆயின் வைக்கோலைக் குவிப்பது மட்டுமே நெருப்பாகாது.

நம் இல்லங்களில் மாலை வேளையில் குழந்தைகள் சுலோகம் ஒப்பிக்கின்றனர். பிழையின்றி ஒப்பித்தால் மகிழ்கிறோம். இடையில் நிறுத்தி, "அப்பா, இதற்கு என்ன அர்த்தம்?" என்று குழந்தை கேட்டால், "முதலில் மனப்பாடம் செய்" என்கிறோம். இரண்டாம் கல்வியின் வாயில் திறக்கும் வேளையில் அதை நாமே அடைத்துவிடுகிறோம். விடை தெரியாவிட்டாலும் குழந்தையுடன் அமர்ந்து தேடலாம். அன்றைய பாடம் ஒரு சுலோகம் குறைந்தால் குறையட்டும். குழந்தையின் கேள்வி குறையாமல் காப்பதே பெற்றோரின் கடமை; சாதகர் தம்முள் காக்க வேண்டியதும் அதுவே.