வானொலி ஓசை அடங்கிய மலைநாடு

மாணவர்களே, அமெரிக்க ஐக்கிய நாட்டின் படத்தை விரித்து வைத்துக் கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது அப்பலேச்சிய மலைத்தொடர். அதன் ஒரு பகுதியான அலிகெனி மலைகளின் மடிப்புகளுக்குள், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் போகஹான்டஸ் என்ற கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு. இதன் பரப்பு சுமார் 2,440 சதுர கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 7,869 பேர் மட்டுமே. வகுத்துப் பாருங்கள்: சதுர கிலோமீட்டருக்கு மூன்று பேர்தான் வருகிறார்கள். மாநிலத்தின் சராசரியோ சுமார் 29.

இவ்வளவு பெரிய நிலத்தில் இத்தனை சிலரே வாழ்வானேன்? அந்தக் குறைவே உலக வானியல் அறிஞர்களுக்கு எப்படி நன்மையாயிற்று? இவ்விரண்டையும் இங்கே ஆராய்வோம்.

முதலில் நிலம். இக்கவுண்டியின் மிக உயர்ந்த இடம் தார்னி பிளாட். கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர். மலைமுகடுகளுக்கு இடையே ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் மட்டுமே உழக்கூடிய சமநிலம் உண்டு. குளிர்காலம் நீண்டது, பனி மிகுதி. ஆனால் ஆறுகளுக்குக் குறைவில்லை. கிரீன்பிரயர், எல்க், காலி, செர்ரி, கிரான்பெரி, வில்லியம்ஸ், டைகார்ட், ஷேவர்ஸ் ஃபோர்க் என எட்டு ஆறுகள் இங்கே தோன்றுகின்றன. ஒரு முகட்டின் இருபுறமும் விழும் இரு மழைத்துளிகளை நினைத்துக் கொள்ளுங்கள். ஒன்று ஷேவர்ஸ் ஃபோர்க்கில் விழுந்து வடக்கே சென்று, மொனாங்ககேலா ஆற்றுடன் பிட்ஸ்பர்க் நகரை அடைந்து, அங்கே ஒஹையோ ஆறாகிறது. மற்றது கிரீன்பிரயரில் விழுந்து தெற்கே சென்று, நியூ, கனாவா ஆறுகளின் வழியே பாயிண்ட் பிளெசன்ட் என்ற ஊரில் அதே ஒஹையோவில் கலக்கிறது. அடுத்தடுத்து விழுந்த துளிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றி மறுபடி சந்திக்கின்றன!

வெள்ளையரில் முதன்முதல் இங்கே குடியேறியவர்கள் ஜேக்கப் மார்லின், ஸ்டீபன் சூயல் என்ற இருவர், ஆண்டு 1749. இருவரும் ஒரே குடிசையில் இருந்தனராம். மதம் பற்றிச் சச்சரவிட்டு, ஒருவர் அருகிலிருந்த மரப்பொந்துக்குக் குடிபோனாராம். இது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மார்லினின் பெயரால் அமைந்த மார்லின்டன் தான் இன்று தலைமை ஊர். கவுண்டி 1821-இல் உருவானது. பவ்ஹட்டன் என்ற செவ்விந்தியத் தலைவரின் மகள் பெயர் அதற்கு இடப்பட்டது. அப்பெண் வாழ்ந்ததோ வர்ஜீனியாவின் கடற்கரைப் பகுதியில். உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து மேற்கு வர்ஜீனியா 1863-இல் தனி மாநிலமாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் இக்கவுண்டியின் டிரூப் மலையில் நடந்த போரில் வடபடை வென்றது. இலக்கியத்திற்காக 1938-இல் நோபல் பரிசு பெற்ற பேர்ல் பக் பிறந்ததும் இங்குள்ள ஹில்ஸ்பரோவில்தான்.

இனி மக்கள் தொகை. 1900-இல் 8,572 பேர் இருந்தனர். 1910-இல் 14,740! பத்தே ஆண்டுகளில் 72 விழுக்காடு ஏற்றம். காரணம் இரயில். கிரீன்பிரயர் ஆற்றை ஒட்டி இருப்புப்பாதை வந்ததும், மலையுச்சிகளில் நின்ற செந்நிற ஸ்புரூஸ் மரங்கள் காகிதக் கூழாகவும் பலகையாகவும் விலை போயின. 1901-இல் காஸ் என்ற ஆலை ஊர் எழுந்தது. மலைமேல் மரம் ஏற்ற, எல்லாச் சக்கரங்களையும் பற்சக்கரங்களால் சுழற்றும் ஷே எஞ்சின்கள் ஓடின. நூறு மீட்டர் செல்வதற்குள் 11 மீட்டர் ஏறும் பாதையில் அவை இழுத்தன. சாதாரண எஞ்சினின் சக்கரம் அங்கே வழுக்கிச் சுழலும். 1920-இல் மக்கள் தொகை 15,002 ஆகி உச்சத்தைத் தொட்டது. பிறகு இறங்குமுகம்தான். வெட்டிய மரம் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆலைத் தொழிலாளியின் குடும்பம் அதுவரை காத்திருக்குமா? 1960-இல் காஸ் ஆலை மூடப்பட்டபோது எஞ்சியவர்கள் பத்தாயிரத்துக்குச் சற்றே மேல். 1963 முதல் அதே ஷே எஞ்சின்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகின்றன. நிலத்தில் பாதிக்கு மேல் அரசு வனமும் பூங்காக்களுமாக உள்ளது.

மக்கள் வெளியேறிக் கொண்டிருந்த அதே காலத்தில்தான் வானியலார் உள்ளே வந்தனர். விண்மீன்களும் வாயு மேகங்களும் ஒளியோடு ரேடியோ அலைகளையும் வீசுகின்றன என்பது 1930-களில் கார்ல் ஜான்ஸ்கியின் ஆய்வால் தெரிந்தது. அவர் பெயராலேயே அந்த அலைகளின் அலகு வழங்குகிறது. ஒரு ஜான்ஸ்கி என்பது ஒரு சதுர மீட்டரில், ஒரு ஹெர்ட்ஸ் அலைவெண் அகலத்தில், 10-இன் அடுக்கு −26 வாட். இது எவ்வளவு சிறியது? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வாட் திறனை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் எல்லாத் திசையிலும் பரப்பும் ஒரு கைபேசியைச் சந்திரனில் வைப்பதாகக் கொள்வோம். தொலைவு 3,84,000 கிலோமீட்டர். திறனை 4π × தொலைவின் வர்க்கத்தால் வகுத்தால், பூமியில் அது சுமார் 54 ஜான்ஸ்கியாகத் தெரியும்! வானியலார் தேடுவதோ பெரும்பாலும் ஒரு ஜான்ஸ்கியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் அடுத்த தெருவில் ஒரு கைபேசி இருந்தால் என்ன ஆகும்?

எனவே ஊர் குறைந்த, சுற்றிலும் மலைச் சுவர் உள்ள இடம் தேவைப்பட்டது. கிரீன் பேங்க் பள்ளத்தாக்கு அப்படி அமைந்தது. 1956-இல் மாநிலச் சட்டமன்றம், தொலைநோக்கியைச் சுற்றி 10 மைலுக்குள் இடையூறு செய்யும் மின்கருவிகளுக்குத் தடை விதிக்கும் சட்டத்தை இயற்றியது. 1958-இல் மத்திய அரசு 13,000 சதுர மைல் பரப்பை ரேடியோ அமைதி வட்டாரமாக அறிவித்தது. அதனுள் அலைபரப்பிகளைத் தடுத்துவிடவில்லை. திறனும் திசையும் கட்டுப்படுத்தப்படுகின்றன. தொலைநோக்கியின் அருகே டீசல் வண்டிகளே ஓடும். பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு பொறியிலும் ரேடியோ அலையை உமிழ்வதே காரணம். ஓசை வரும் இடத்தை வண்டியில் ஆன்டெனா பொருத்திக்கொண்டு தேடிப் போவார்கள். பழுதுபட்ட மின்கம்பளி கூடக் குற்றவாளியாக அகப்பட்டதுண்டு.

1960-இல் பிராங்க் டிரேக் என்ற அறிஞர் இங்கிருந்துதான் டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரு விண்மீன்களை நோக்கி, அயலுலக உயிர்களின் செய்தி ஏதும் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தார். செய்தி வரவில்லை. 1988 நவம்பர் 15 இரவு, 1962-இல் கட்டிய 300 அடித் தொலைநோக்கி ஓர் இரும்புத் தகடு முறிந்ததால் அப்படியே சரிந்து விழுந்தது, உயிர்ச்சேதம் இல்லை. அதற்குப் பதிலாக எழுப்பிய 100 மீட்டருக்கு 110 மீட்டர் அளவுள்ள மாபெரும் தொலைநோக்கி 2000-இல் திறக்கப்பட்டது. அதன் உதவியால் 2019-இல், சூரியனைப் போல் இரு மடங்குக்கு மேல் நிறையுள்ள ஒரு நியூட்ரான் விண்மீன் அளக்கப்பட்டது.

இந்த அமைதிக்கு விலை கொடுப்பவர்கள் யார்? அங்கே வாழும் மக்கள்தாம். தொலைநோக்கி அவர்களுக்கு வேலையும் பார்வையாளர்களையும் தருகிறது என்பது உண்மை. ஆனால் பள்ளத்தாக்கின் சாலையில் வண்டி கவிழ்ந்தால் கைபேசியில் உதவி கேட்க வழியில்லாத இடங்கள் பல. தீயணைப்போரும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் தங்கள் கம்பியில்லாக் கருவிகள் போதிய திறனோடு இயங்க வேண்டுமென்று கேட்டு வந்திருக்கிறார்கள். அக்கோரிக்கை நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. வானியலாரின் கவலையும் பொய்யன்று; இப்போது தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் ஓயாமல் அலை பரப்புகின்றன, அவற்றை எந்த மலைச் சுவரும் மறைக்காது. 550 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் கோளில் நம் ஒரு வாட் கைபேசியை வைத்தால் எத்தனை ஜான்ஸ்கி வரும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.