உறவுகள் நடத்தும் கதை

கற்பனை உலகில் நடக்கும் தொடர்களைப் பார்க்கும்போது, முதலில் நம் கண்ணைக் கவர்பவை வியப்பூட்டும் காட்சிகளே. கையிலிருந்து தீயை வீசும் வீரன், நீரைச் சுழற்றும் சிறுமி, வானில் பறக்கும் விலங்கு என ஒவ்வொன்றும் நம்மை ஈர்க்கின்றது. ஆனால், தொடர் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகும் நம் மனத்தில் நிற்பவை அக்காட்சிகளா? பெரும்பாலும் இல்லை. மகன் தந்தையை எதிர்த்து நின்ற நொடியும் பிரிந்தவர்கள் மீண்டும் சேர்ந்த நொடியுமே நிலைத்து நிற்கின்றன. யாருக்கு யார் என்ன உறவு, அவ்வுறவு எப்போது முறியும், எப்போது கூடும் என்று எழுத்தாளர்கள் எடுக்கும் முடிவுகளே இதற்குக் காரணம்.

'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' என்னும் அமெரிக்க அசைவூட்டத் தொடர் இதற்கு நல்ல சான்றாகும். மைக்கல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியெட்ஸ்கோ ஆகிய இருவரும் உருவாக்கிய இத்தொடர், 2005 முதல் 2008 வரை மூன்று பருவங்களாக, 61 பகுதிகளில் ஒளியேறியது. நமக்குப் பழகிய 'அவதாரம்' என்னும் சொல்லே இதன் பெயரில் உள்ளது. நீர், நிலம், தீ, காற்று ஆகிய நான்கையும் ஆளக்கூடியவரே இக்கதையில் அவதார் எனப்படுகிறார். நூறு ஆண்டுகள் பனிக்குள் உறைந்து கிடந்த ஆங் என்னும் 12 வயதுச் சிறுவன்தான் அந்த அவதார். தீ நாடு தொடங்கிய போரை நிறுத்துவது அவனுடைய கடமை.

ஆங்கைத் துரத்தி வருபவன் தீ நாட்டு இளவரசன் ஸூக்கோ. புதிய படைவீரர்களைப் பலிகொடுக்கும் ஒரு போர்த் திட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காக, 13 வயதிலேயே தந்தை ஓசாயால் முகத்தில் சுடப்பட்டு நாடு கடத்தப்பட்டவன் அவன். அவதாரைப் பிடித்து வந்தால்தான் அவன் வீடு திரும்ப முடியும். எழுத்தாளர்கள் நினைத்திருந்தால் அவனை வெறும் எதிரியாகவே விட்டிருக்கலாம். ஆனால், அவர்கள் அவனுக்குத் துணையாக ஐரோ என்னும் முதியவரையும் அதே கப்பலில் ஏற்றினர்.

ஐரோ, ஓசாயின் அண்ணன். ஆங்கிலத்தில் ஸூக்கோ அவரை 'அங்கிள்' என்றே அழைக்கிறான். அச்சொல் தந்தையின் உடன்பிறப்பு, தாயின் உடன்பிறப்பு என எல்லாருக்கும் பொது. தமிழில் சொன்னால், ஐரோ அவனுக்குப் பெரியப்பா. தந்தையின் அண்ணனும் ஒரு தந்தையே என்பதை நம் உறவுச்சொல்லே சொல்லிவிடுகிறது. இதை ஸூக்கோ உணர்வதற்குத்தான் மூன்று பருவங்கள் தேவைப்படுகின்றன.

இவ்வுறவுக்கு எழுத்தாளர்கள் ஒரு பழைய காயத்தையும் வைத்தனர். ஐரோ ஒரு காலத்தில் பெரும் படைத்தலைவர். பா சிங் சே நகரை 600 நாள் முற்றுகையிட்டவர். அப்போரில் தம் ஒரே மகனை இழந்ததும் முற்றுகையைக் கைவிட்டார். மகனை இழந்த தந்தையும் தந்தையால் ஒதுக்கப்பட்ட மகனும் ஒரே கப்பலில் பயணம் செய்கின்றனர். ஒருவர் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார். மற்றவன் எரிந்து விழுகிறான். இந்தச் சிறு காட்சிகளே கதைக்கு அடித்தளமாகின்றன.

இரண்டாம் பருவத்தின் இறுதியில்தான் எழுத்தாளர்களின் துணிவான முடிவு வெளிப்படுகிறது. அதற்குள் ஸூக்கோ ஓரளவு மாறியிருக்கிறான். பெரியப்பாவின் தேநீர்க்கடையில் வேலை செய்கிறான், சிரிக்கவும் தொடங்கியிருக்கிறான். அவன் இனி நல்லவர் பக்கம் சேர்வான் என்றே நாம் எதிர்பார்க்கிறோம். அவனோ தங்கை அசூலாவின் பேச்சைக் கேட்டு அவளுடன் சேர்ந்துகொள்கிறான். விளைவாக, ஆங் சாவின் விளிம்புக்குப் போகிறான், நகரம் வீழ்கிறது, பெரியப்பா சிறைப்படுகிறார்.

எழுத்தாளர்கள் ஏன் இப்படிச் செய்தனர்? அன்றே ஸூக்கோ மனம் மாறியிருந்தால், அது அவனுக்கு எந்த இழப்பும் தராத மாற்றமாக இருந்திருக்கும். இப்போதோ அவன் விரும்பியவை எல்லாம் கிடைக்கின்றன. அரண்மனை, தந்தையின் பாராட்டு, மக்களின் வாழ்த்து என எதற்கும் குறைவில்லை. ஆயினும் அவனுக்கு அமைதி மட்டும் கிடைக்கவில்லை. சிறைக்குச் சென்று பெரியப்பாவைப் பார்க்கிறான். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. எல்லாம் கையிலிருக்கும்போது அதைத் துறந்து, தந்தையின் முன் நின்று அவர் செய்தது தவறு என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறான். அதனால்தான் அவனுடைய மாற்றத்தை நாம் நம்புகிறோம்.

மன்னிப்பையும் எழுத்தாளர்கள் ஒரே அளவாக வழங்கவில்லை. ஸூக்கோவை ஒருமுறை நம்பி ஏமாந்த கட்டாரா, அவனை எளிதில் ஏற்பதில்லை. தன் தாயைக் கொன்றவனைத் தேடிச் செல்ல அவன் துணை நின்ற பிறகே அவள் மனம் இளகுகிறது. ஐரோவோ வேறு வகை. போரின் இறுதிக்கட்டத்தில், உறங்கும் பெரியப்பாவின் அருகே ஸூக்கோ விடியும்வரை காத்திருக்கிறான். அவர் விழித்ததும் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்கிறான். அவன் பேசி முடிக்கும் முன்பே அவர் அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறார். நட்பில் இழந்த நம்பிக்கையை உழைத்துத்தான் மீட்க வேண்டும். பெற்ற மனமோ வழி தவறிய பிள்ளைக்காகக் காத்திருக்கும். இவ்விரு உண்மைகளையும் ஒரே தொடர் காட்டுகிறது.

அன்பைப் பெறுவதற்குத் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்று நம்பியே ஸூக்கோ தன் இளமையைத் தொலைத்தான். நிரூபிக்கத் தேவையில்லாத அன்பு முதல் நாளிலிருந்தே அவன் அருகில் இருந்தது. தீயும் மின்னலும் இல்லாத நம் வீடுகளிலும் இது நடக்கக்கூடியதே.

மாணவர்களே, அடுத்த முறை நீங்கள் கதை எழுத அமரும்போது, என்ன நடக்கப்போகிறது என்பதை மட்டும் யோசிக்காதீர்கள். உங்கள் கதைமாந்தர் ஒருவர் மற்றொருவரிடம் எதை எதிர்பார்க்கிறார்? அது ஏன் அவருக்குக் கிடைக்கவில்லை? கிடைக்க வேண்டுமானால் அவர் எதை இழக்க வேண்டும்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்டால், நிகழ்ச்சிகள் தாமே பிறக்கும்.