புனர்வாழ்வு மருத்துவ ஆராய்ச்சியில் புள்ளியியல்

நோயினாலோ விபத்தினாலோ உடலுறுப்புகளின் இயக்கத்தை இழந்தோர், தம் அன்றாட அலுவல்களை மீண்டும் தாமே செய்துகொள்ள உதவுவது புனர்வாழ்வு மருத்துவம். இதில் எந்தச் சிகிச்சை உண்மையிலேயே பயனளிக்கிறது என்பதை அறிவது எளிதன்று. பக்கவாதம் கண்டவர்களுள் பலர், தனிப் பயிற்சி ஏதுமின்றியே முதற் சில வாரங்களில் ஓரளவு தேறிவிடுகின்றனர். ஆகவே, ஒரு நோயாளியின் நிலையைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, முன்னேற்றம் முழுவதையும் பயிற்சியின் பயனாகக் கொள்வது பிழையாகும்.

இப்பிழையைத் தவிர்க்கவே நோயாளிகள் இரு பிரிவினராகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு பிரிவினர் புதிய சிகிச்சையையும், மற்றவர் வழக்கமான சிகிச்சையையும் பெறுவர். யார் எப்பிரிவில் சேர்வது என்பதை மருத்துவர் தீர்மானிப்பதில்லை. திருவுளச்சீட்டுப் போன்ற முறையால் அது முடிவாகிறது. மருத்துவரே தேர்ந்தெடுப்பின், நோய் கடுமையற்றோர் ஒரு பிரிவிலேயே மிகுதியாகச் சேர்ந்துவிடக்கூடும். பயனை மதிப்பிடுபவருக்கும், நோயாளி எப்பிரிவைச் சேர்ந்தவர் என்பது தெரிவிக்கப்படுவதில்லை.

இம்முறையின் இன்றியமையாமையை 2015-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று நன்கு விளக்குகிறது. பக்கவாதம் கண்ட 24 மணி நேரத்திற்குள் நோயாளியைப் படுக்கையைவிட்டு எழச் செய்து, அடிக்கடி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பயிற்றுவதால் நன்மை விளையும் என்று பலர் கருதினர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய 5 நாடுகளில், 56 பக்கவாதச் சிகிச்சைப் பிரிவுகளில், 2,104 நோயாளிகளைக் கொண்டு இக்கருத்து சோதிக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்குப் பின், பிறர் உதவியின்றி வாழும் நிலையை எய்தியோர், வழக்கமான சிகிச்சை பெற்ற 1,050 பேருள் 525 பேர். புதிய பயிற்சி பெற்ற 1,054 பேருள் 480 பேரே. அதாவது, முன்னவருள் நூற்றுக்கு 50 பேர். பின்னவருள் ஏறத்தாழ 46 பேர்.

இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்குமோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. நோயாளிகளின் வயதையும் நோயின் கடுமையையும் கருத்திற்கொண்டு கணக்கிட்டபோது, தற்செயலால் மட்டும் இத்தகைய வேறுபாடு தோன்றுவது மிக அரிது எனத் தெரிந்தது. நோயாளி படுக்கையிலேயே கிடத்தல் நலம் என்பது இதன் பொருளன்று. வழக்கமான சிகிச்சை பெற்றோருள்ளும் பலர் விரைவிலேயே எழுந்து நடமாடத் தொடங்கினர். முதல் நாளிலேயே மிகுதியான பயிற்சி அளிப்பது கூடுதல் நன்மை தரவில்லை என்பதே முடிவு.

ஒப்பிட்டு நோக்க வேறொரு பிரிவு இல்லாதிருப்பின், தேறிய அந்த 480 பேரும் புதிய முறையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டப்பட்டிருப்பர்.