காரின் பின்னால் பாடும் பெட்டி

காரின் முன்பலகையில் உள்ள பொத்தானை அழுத்துகிறோம். பின்னால் டிக்கியில் இருக்கும் ஒரு பெட்டி, தன்னுள் அடுக்கியிருக்கும் குறுந்தகடுகளில் ஒன்றை இழுத்துப் பாடத் தொடங்குகிறது. 1990களில் பல கார்களில் இந்த ஏற்பாடு இருந்தது. 6, 10 அல்லது 12 தகடுகள் கொண்ட அப்பெட்டிக்குத் தகடு மாற்றி என்று பெயர். இன்றைய புதிய கார்களில் அதைக் காண்பது அரிது.

பழைய காரில் புதிய டிஜிட்டல் ஒலிப்பெட்டியைப் பொருத்திவிட்டோம். நல்ல நிலையில் உள்ள தகடு மாற்றியை அதனுடன் இணைக்க முடியுமா?

கம்பியில் செல்வது என்ன?

குறுந்தகட்டில் ஒலி எண்களாகப் பதிவாகியுள்ளது. ஒரு வினாடிக்கு 44,100 அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட்டுகள். இடம், வலம் என இரண்டு வழிகள். பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு 14,11,200 பிட்டுகள்! பெரும்பாலான தகடு மாற்றிகள் இவற்றைத் தமக்குள்ளேயே சாதாரண ஒலி மின்குறிகளாக மாற்றி அனுப்புகின்றன. ஆகவே, புதிய பெட்டியில் 'ஆக்ஸ்' என்னும் துணை உள்ளீடு இருந்தால், ஒலிக்கம்பிகளை அதில் சேர்த்துவிடலாம்.

ஆனாலும் பாட்டு வராது! ஏன்? "மூன்றாம் தகட்டை எடு" என்று யாராவது ஆணையிட வேண்டுமல்லவா? அந்த ஆணைகள் தனிக் கம்பியில் மின்துடிப்புகளாகச் செல்கின்றன. சோனி, பயனியர், ஆல்பைன் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் இதற்குத் தனித்தனிக் குறிமுறையை வகுத்திருந்தன. செருகி பொருந்தினாலும் மொழி பொருந்தாது. எனவே நடுவில் மொழிபெயர்ப்பாளரைப் போல ஒரு சிறு நுண்கட்டுப்பாட்டுச் சுற்று தேவை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

இணைத்தாயிற்று, பாட்டும் வருகிறது. கூடவே 'ஙொய்' என்று ஓர் இரைச்சல்! வண்டியை முடுக்கினால் அதன் சுருதியும் ஏறுகிறது. குற்றவாளி எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர். அது தரும் மின்சாரத்தை டையோடுகள் நேர்மின்னோட்டமாக மாற்றினாலும் சிறிய ஏற்றத்தாழ்வு எஞ்சுகிறது.

காரின் இரும்பு உடலே 'எர்த்' ஆகப் பயன்படுகிறது. முன்பெட்டியை ஓரிடத்திலும் பின்பெட்டியை வேறோரிடத்திலும் எர்த் செய்தால், இரண்டுக்கும் இடையே சிறு மின்தடை இருக்கும். அதை 0.01 ஓம் என்றும், ஏறியிறங்கும் மின்னோட்டத்தை 1 ஆம்பியர் என்றும் கொள்வோம். ஓமின் விதிப்படி மின்னழுத்தம் 1 × 0.01 = 0.01 வோல்ட். ஒலிக்குறியே 1 வோல்ட் அளவுதான். நூற்றில் ஒரு பங்கு இரைச்சல், பாட்டு மெல்லொலியாகும்போது காதில் நன்றாக விழும்!

இரு பெட்டிகளையும் ஒரே இடத்தில் எர்த் செய்வது எளிய பரிகாரம். அல்லது ஒலிக்கம்பியில் தனிப்படுத்தும் மின்மாற்றியைச் சேர்க்கலாம். அதில் ஒலிக்குறி காந்தப்புலத்தின் வழியே தாண்டும். இரு சுருள்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லாததால் எர்த் வளையம் அறுபடும். எந்த வேலைக்கும் முன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும்.

2001இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் கார்களில் ஒலிக்கருவிகளை பிளாஸ்டிக் ஒளியிழையால் இணைத்தார்கள். ஒளி செல்லும் பாதையில் எர்த் வளையம் ஏது?

மாணவர்களே, ஒரு கேள்வி: எஞ்சினை நிறுத்திவிட்டு, மின்கலத்தைக் கொண்டு மட்டும் பாட்டுக் கேட்டால் அந்த 'ஙொய்' ஒலி இருக்குமா? காரணத்தோடு விடை எழுதிப் பாருங்கள்.