தச்சுக் கருவிப் பாட்டரியும் மின்சார சைக்கிளும்

சிற்றூர்களில் தச்சு வேலை செய்வோரிடமும் மின்சார வேலை செய்வோரிடமும் கம்பியில்லாத டிரில் கருவிகள் இக்காலத்தில் பெருகியுள்ளன. ஒருவரிடமே இத்தகைய கருவிக்குரிய பாட்டரிகள் இரண்டு மூன்று இருத்தல் இயல்பு. மோட்டார் பொருத்திய சைக்கிளை இவற்றைக் கொண்டே ஓட்டலாகுமா என்னும் வினா நம்மிடம் கேட்கப்படுகின்றது. ஓட்டலாம். ஆயின், இரண்டு பாட்டரிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பாட்டரியை இழப்பர். சில வேளைகளில் வீட்டையும் தீக்கு இரையாக்குவர். ஆதலால் இதன் உள்ளியல்பைச் சற்று விரிவாகவே காண்போம்.

18 வோல்ட் எனக் குறிக்கப்பட்ட பாட்டரியினுள் இருப்பவை லித்தியம் செல்கள். பெரும்பாலும் இவை 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைகள். ஒரு செல்லின் மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல்கள் தொடரிணைப்பில் சேரும்போது 18 வோல்ட் கிடைக்கின்றது. முழுதும் சார்ஜ் ஏறிய நிலையில் செல்லுக்கு 4.2 ஆக, மொத்தம் 21 வோல்ட் காட்டும். கடையில் 20 வோல்ட் என்று விற்கப்படுவதிலும் இதே ஐந்து செல்களே உள்ளன, பெயரில்தான் பெருமை. 36 வோல்ட் சைக்கிளுக்குத் தொடரில் பத்து செல்கள் வேண்டும். ஆகவே இத்தகைய இரு பாட்டரிகள் தொடரிணைப்பில் அதற்குச் சரியாகப் பொருந்துகின்றன.

5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி ஒன்று 90 வாட்-மணி ஆற்றலைத் தரும். இரண்டும் சேர்ந்து 180. சமதரைச் சாலையில் மிதித்துக்கொண்டே மோட்டாரின் துணையையும் பெறுபவருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும் எனக் கொண்டால், 15 கிலோமீட்டர் வரை போய்வரலாம். பால் சங்கத்துக்கும் வயலுக்கும் இது போதும். 250 வாட் மோட்டார் 36 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியரே இழுக்கும். கடின மரத்தைத் துளைக்கும் டிரில் இதனினும் பன்மடங்கு இழுப்பதால், சைக்கிளின் சுமை இந்தச் செல்களுக்குப் பெரிதன்று.

இடர் வேறிடத்தில் இருக்கின்றது. லித்தியம் செல்லை அளவுக்கு மீறி வடியவிடலாகாது. டிரில்லில் பாட்டரி இறங்கியதும் கருவி தானே நின்றுவிடுவதை எல்லோரும் கண்டிருப்பர். பல தயாரிப்புகளில் அவ்வாறு நிறுத்தும் ஏற்பாடு கருவிக்குள் இருக்கின்றதேயன்றிப் பாட்டரிக்குள் இல்லை. பாட்டரியை மட்டும் கழற்றிச் சைக்கிளில் மாட்டும்போது, காவற்காரனை வீட்டில் விட்டுவிட்டுக் களஞ்சியத்தை மட்டும் எடுத்துச் செல்கிறோம்.

சைக்கிளின் கண்ட்ரோலர் சுமார் 31 வோல்ட்டில் மோட்டாரை நிறுத்துமே என்பர். அது பார்ப்பது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே. ஒரு பாட்டரி புதியது, மற்றொன்று மூன்றாண்டு உழைத்தது என்று வைத்துக்கொள்வோம். புதியது 19.5 வோல்ட்டில் இருக்கப் பழையது 12.5க்கு இறங்கிவிடலாம். கூட்டினால் 32, கண்ட்ரோலர் ஒன்றும் அறியாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். பழைய பாட்டரியிலோ செல் ஒன்றுக்கு 2.5 வோல்ட்தான் எஞ்சியுள்ளது. இன்னும் இறங்கினால் செல்லினுள் உள்ள செம்புத் தகடு கரையத் தொடங்கும். அந்தச் செல்லுக்கு மீண்டும் சார்ஜ் ஏற்றுகையில் உள்ளேயே மின்சுற்றுக் குறுகித் தீப்பற்ற இடமுண்டு. 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை உயிர்ப்பிக்க முயலவே கூடாது.

ஆதலின், ஒரே தயாரிப்பு, ஒரே கொள்ளளவு, ஒரே வயதுடைய இரண்டையே இணைத்தல் வேண்டும். இரண்டையும் முழுதும் சார்ஜ் செய்தே பூட்டுதல் வேண்டும். ஒவ்வொரு பாட்டரிக்கும் தனித்தனியே, 15.5 வோல்ட்டில் ஒலியெழுப்பும் சிறு எச்சரிக்கைக் கருவி இருத்தல் நலம். முதற் சில நாட்கள் பயணம் முடிந்ததும் மல்டிமீட்டரால் இரண்டையும் தனியே அளந்து பார்ப்பது, எந்தக் கருவியும் சொல்லாததைச் சொல்லும்: வேறுபாடு அரை வோல்ட்டை மீறினால் அவ்விரண்டும் சோடி அல்ல. பாட்டரியை உடைக்காமல், அதன் காடியில் பொருந்தும் அடாப்டரைக் கொண்டே கம்பி எடுக்கவேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே நேர் கம்பியில், நேர்மின்னோட்டத்துக்கென உள்ள 20 ஆம்பியர் பியூஸ் போடுக.

சைக்கிளில் பூட்டியபடியே 42 வோல்ட் சார்ஜரால் ஏற்றுவது எளிதெனச் சிலர் செய்கின்றனர். அது தவறு. கருவியோடு வந்த சார்ஜர் பாட்டரியின் வெப்பத்தையும் அறிந்து செயற்படுவது, மற்றொன்றுக்கு அவ்வறிவில்லை. கழற்றித் தனித்தனியே, பகலில், ஆள் விழித்திருக்கும்போது, சிமெண்டுத் தரையில் வைத்து ஏற்றுக. கூரை வீட்டினுள்ளும் வைக்கோற்போர் அருகிலும் வேண்டவே வேண்டாம். வெயிலில் நின்ற சைக்கிளின் பாட்டரியை நிழலில் ஆறவிட்ட பின்னரே சார்ஜரில் இடவேண்டும். அதிக தூரம் போகவேண்டி மேலும் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்ப்பதாயின், மின்னழுத்தம் வேறுபட்டவற்றைச் சேர்த்த கணமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெருமின்னோட்டம் பாயும். ஒரு சோடி தீர்ந்தபின் மறு சோடியை மாட்டிக்கொள்வதே உத்தமம்.

பழைய பாட்டரிகளைப் பிரித்துச் செல்களைச் சோதித்து, நிக்கல் பட்டையால் பற்றவைத்துப் புதுப் பாட்டரி கட்டுவோரும் உளர். அதற்கு ஒவ்வொரு செல்லின் கொள்ளளவையும் அளத்தல், முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைத்துத் தானே வடிவதைப் பார்த்தல், செல்களைச் சமன்செய்யும் பாதுகாப்புப் பலகை பொருத்தல் ஆகியன வேண்டும். பயிற்சியற்றோர் சமையலறைத் திண்ணையில் செய்யத்தக்க தொழில் அன்று அது. சைக்கிளுக்கென்றே புதிய கருவிப் பாட்டரிகளை விலைக்கு வாங்குவதையும் நாம் ஆதரிக்கவில்லை. அதற்குச் சைக்கிள் பாட்டரியையே வாங்கிவிடலாம். கருவி ஏற்கெனவே வீட்டிலிருக்கும் தச்சருக்கே இம்முறை இலாபம்.

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் அமையும் சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை. ஐந்தைந்து செல்களாகக் கூட்டி அழுத்தத்தை ஏற்றி வேகம் காட்ட விரும்பும் இளைஞர்கள் இவ்வரம்பைத் தாண்டுகின்றனர் என்பதைப் பஞ்சாயத்தார் எடுத்துரைக்கலாம்.

வீங்கியதும் செத்ததுமான பாட்டரிகள் குப்பையில் சேரக்கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படியும் கடமையாகும். நசுங்கினால் அவை குப்பைக் குவியலையே எரித்துவிடும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தனியே கொடுக்குமாறு வீட்டாருக்கும், அவ்வாறு வருவதைக் காகிதமும் பிளாஸ்டிக்கும் இல்லாத நிழலிடத்தில் ஒதுக்கி வைக்குமாறு தூய்மைக் காவலர்களுக்கும் அடுத்த கிராம சபையிலேயே சொல்லிவிடலாம்.